9 முதல் 12 வரை எங்கே? அப்பாவும் சித்தப்பாவும் எழுதிக்கொண்ட பட்டாளத்துக் கடிதங்கள்

தண்டையார்பேட்டை பொண்ணு எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. வீட்டை இடித்துக் கட்டுவதற்காகப் பரணைக் காலி செய்தபோது அவருடைய பட்டாளத்து டிரங்குப் பெட்டி கீழே இறங்கியது. கறுப்புப் பெட்டி, மூடியில் வெள்ளை பெயின்ட்டில் நம்பரும் பேரும். உள்ளே ஒரு ஸ்வெட்டர், அதற்கடியில் கிழிந்த லுங்கியில் சுற்றிய இரண்டு கட்டுக் கடிதங்கள். ஒரு கட்டு அப்பா சித்தப்பாவுக்கு எழுதியது, இன்னொன்று சித்தப்பா அப்பாவுக்கு எழுதியது. லீவில் வரும்போதெல்லாம் இரண்டு பேரும் தங்களிடம் சேர்ந்த கடிதங்களை ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்களாம். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் ஒன்றைக்கூட அடுப்புக்குப் போடவில்லை.

அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படை. 1987 ஆகஸ்டில் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். சித்தப்பா ஏ.எஸ்.சி.யில் (ராணுவத்தின் சப்ளை, போக்குவரத்துப் பிரிவு) டிரைவர், அதே வருடம் லடாக்கில். சித்தப்பா 2009இலேயே போய்விட்டார். கேட்கலாம் என்றால் இரண்டு பேருமே இல்லை. இருந்தபோதும் கேட்டதில்லை என்பதுதான் உண்மை. இலங்கையில் எப்படி இருந்தது என்று சின்ன வயதில் ஒரு தடவை அப்பாவிடம் கேட்டதற்கு "வெயில் ஜாஸ்தி" என்றார், அவ்வளவுதான்.

சண்டையைப் பற்றி ஏதாவது இருக்கும் என்று நினைத்துத்தான் பிரித்தேன். ஆனால் இருப்பதெல்லாம் வீட்டு வாடகை, அத்தை கல்யாணத்துக்குக் கட்டும் சீட்டு, கூரையில் மாற்ற வேண்டிய ஓடு, ஆயாவின் கால் வீக்கம். "அன்புத் தம்பிக்கு அண்ணன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பித்து, "மற்றவை அடுத்த கடிதத்தில்" என்று முடிகிறது. அந்த மற்றவை எந்தக் கடிதத்திலும் வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பா ஒவ்வொரு கடிதத்தின் மூலையிலும் நம்பர் போட்டிருக்கிறார், 1 முதல் 31 வரை. இதில் 9, 10, 11, 12 மட்டும் கட்டில் இல்லை. எட்டாவது கடிதத்தின் தேதி 4.10.87, பதிமூன்றாவது 8.11.87. பதிமூன்றில் அப்பா, "நடுவுல நாலு லெட்டர் போட்டேன், வந்து சேர்ந்துச்சா? இங்க தபால் ஒழுங்கா போறதில்ல. தீபாவளி நல்லபடியா நடந்துச்சு" என்று எழுதுகிறார். அதற்கு சித்தப்பா நவம்பர் 27ஆம் தேதி பதில் போடுகிறார்: "நாலும் ஒண்ணா வந்துச்சு அண்ணே, கவலைப்படாதே."

வந்ததென்றால் எங்கே போயின? சித்தப்பா மற்ற எல்லாவற்றையும் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தவர். இந்த நாலில் மட்டும் யாரும் பார்க்கக்கூடாத ஏதோ இருந்து கிழித்துப் போட்டாரா? ராத்திரி படுத்தால் இதுதான் ஓடுகிறது.

இன்னொரு குழப்பம். சித்தப்பா ஒரு கடிதத்தில் "நான் இப்ப ஐஸ் ஹவுஸ் பக்கம் குடி வந்துட்டேன்" என்கிறார். எனக்குத் தெரிந்து அவர் திருவல்லிக்கேணிப் பக்கம் குடியிருந்ததே இல்லை. கடிதங்கள் எல்லாம் மடிப்பில் இற்றுப்போகின்றன, எப்படிக் காப்பாற்றுவது என்றும் சொல்லுங்கள். பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து தருகிறேன் என்கிறார்கள்.

---

கல்மண்டபம் காத்து எழுதியது:

ஐஸ் ஹவுஸ் என்றால் லடாக்குதான் சகோதரி! ஊர் பேர் எழுதக்கூடாது, ஆனால் அண்ணனுக்குத் தெரியணும். மெட்ராஸ்காரன் மூளை அப்படித்தான் வேலை செய்யும். உங்கள் அப்பாவும் இதே மாதிரி எங்காவது க்ளூ கொடுத்திருப்பார், தேடிப் பாருங்கள்.

---

தபால்தலைப் பைத்தியம் எழுதியது:

முதலில் அந்த லேமினேஷன் கடைக்காரரிடமிருந்து கடிதங்களைக் காப்பாற்றுங்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோ டேப்பும் ஆகாது, நாலைந்து வருடத்தில் மஞ்சளாகி மையைத் தின்றுவிடும். குண்டூசி குத்தியிருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள், நம் பக்கத்து உப்புக் காற்றில் துரு காகிதத்துக்கு இறங்கும். மடிப்பை ஒரேயடியாக அழுத்தி நிமிர்த்த வேண்டாம். அமிலம் இல்லாத காகிதம் என்று கேட்டால் கிடைக்கும், ஒவ்வொரு கடிதத்துக்கும் நடுவில் ஒரு தாள் வைத்து அட்டைப் பெட்டியில் போட்டு, பரணில் வைக்காமல் பீரோவில் வையுங்கள். பரண் சூடு எமன். ராமபாணப் பூச்சி வருகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். 600 டிபிஐயில் ஸ்கேன் எடுங்கள், முகவரிப் பக்கத்தையும் விடாமல். பலர் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு முத்திரையை விட்டுவிடுவார்கள். என்னைப் போன்றவர்களுக்கு முத்திரைதான் கடிதம்.

ஏன் என்று சொல்கிறேன். ராணுவத் தபாலில் ஊர் பேரே இருக்காது. நம்பர், பேர், யூனிட், கடைசியில் 56 ஏபிஓ (ராணுவத் தபால் நிலையம்) அல்லது 99 ஏபிஓ என்று மட்டும் இருக்கும். 56 என்றால் டெல்லியில் உள்ள தலைமைத் தபால் கிடங்கு வழியாகவும், 99 என்றால் கல்கத்தா வழியாகவும் போகும். படை எங்கே நகர்ந்தாலும் முகவரி மாறாது, எந்த யூனிட் எங்கே இருக்கிறது என்ற கணக்கை அவர்கள் வைத்துக்கொண்டு பையை அங்கே அனுப்பிவிடுவார்கள். அதாவது, யாழ்ப்பாணத்தில் இருந்த உங்கள் அப்பாவுக்கு லடாக்கில் இருக்கும் தம்பி எங்கே இருக்கிறார் என்று முகவரியை வைத்துத் தெரியாது. ஐஸ் ஹவுஸ் வந்தது அதனால்தான், மேலே நண்பர் சொன்னது சரி.

வட்ட முத்திரையில் எஃப்பிஓ என்று போட்டு ஓர் எண்ணும் தேதியும் இருக்கும். அந்த எண்தான் களத் தபால் நிலையம். எந்த எண் எந்த வருடத்தில் எங்கே இருந்தது என்று சேகரிப்பாளர்கள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அப்பாவின் கடிதங்களில் எண் மாறுகிறதா என்று பாருங்கள், மாறினால் அவர் இடம் மாறியிருக்கிறார் என்று கொஞ்சம் துணிந்து சொல்லலாம்.

காணாமல் போன நாலைப் பற்றி: அந்தக் காலத்தில் குளிர்காலம் வந்தால் ஸோஜி லா கணவாய் மூடிவிடும், ஸ்ரீநகரிலிருந்து லடாக்கில் உள்ள லே போகும் சாலை மாதக்கணக்கில் இருக்காது. தபால் விமானத்தில்தான் போகும், அதுவும் வானம் தெளிந்தால். ஆகவே தாமதம் சகஜம், நாலு கடிதம் ஒரே பையில் போய் விழுவதும் சகஜம். வழியில் தொலைந்துபோவது வேறு கதை, அது இவ்வளவு சுத்தமாக வரிசையாக நாலு நடக்காது. எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது.

---

சும்மா ஒருத்தன் எழுதியது:

இதையெல்லாம் ஏன் பொதுவில் போடுகிறீர்கள்? அமைதிப்படை பேச்சு எடுத்தாலே சண்டைதான் வரும். நல்ல விலைக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

---

பழைய தம்பி எழுதியது:

சும்மா ஒருத்தருக்கு: விற்பதற்கு அது பழைய பேப்பர் இல்லை தம்பி.

சரி, பொண்ணுக்கு வருகிறேன். நானும் மெட்ராஸ் சாப்பர்தான். பெங்களூரு அல்சூரில் டிரெயினிங். மற்ற ரெஜிமென்ட்காரர்கள் எங்களைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள், ஐம்பது வயது சுபேதாரும் தம்பிதான். உங்கள் அப்பாவுக்குப் பின்னால் நான் யாழ்ப்பாணத்துப் பலாலி விமானத் தளத்தில் போய் இறங்கினேன், 88 பிப்ரவரி. அவரைப் பார்த்ததில்லை, ஆனால் அவர் செய்த வேலை எனக்குத் தெரியும்.

காலையில் வண்டிகள் கிளம்பும் முன்னால் சாலையைத் திறக்க வேண்டும். ரோடு ஓப்பனிங் என்போம். இரண்டு ஓரமும் காலாட்படை நடக்க, நடுவில் நாங்கள். கையில் டிடெக்டர் இருக்கும், ஆனால் மரப்பெட்டியிலும் பிளாஸ்டிக் கேனிலும் வைத்தால் அது கத்தாது. அப்புறம் கம்பியை எடுத்துக்கொண்டு குத்திக் குத்திப் போக வேண்டியதுதான், நேராகக் குத்தாமல் சாய்த்துக் குத்த வேண்டும். மண் நிறம் மாறியிருக்கா, புல் வாடியிருக்கா, மதகுக்கு அடியில் புதுசாகத் தோண்டியிருக்கா என்று பார்த்துப் பார்த்து, மூன்று கிலோமீட்டர் போக வெயில் உச்சிக்கு வந்துவிடும். "வெயில் ஜாஸ்தி" என்று அப்பா சொன்னது பொய் இல்லைம்மா. குனிந்தபடியே நடப்பவனுக்குப் பிடரியில்தான் யுத்தம் முழுவதும்.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். 1987 அக்டோபர் 4 என்ன கிழமை? ஞாயிறு. நவம்பர் 8? அதுவும் ஞாயிறு. உங்கள் அப்பாவின் மற்ற கடிதங்களையும் காலண்டரில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஞாயிறாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். பட்டாளத்தில் கடிதம் எழுதும் நாள் அது. இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை ஞாயிறு? அக்டோபர் 11, 18, 25, நவம்பர் 1. நாலு. ஜூலை 29இல் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, காவல் காக்கத்தான் போகிறோம் என்று போன படை, அக்டோபர் 10, 11 வாக்கில் விடுதலைப் புலிகளுக்கு எதிரான ஆபரேஷன் பவனில் இறங்கியது. யாழ்ப்பாண நகரத்தைப் பிடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அங்கே நம் படையில் மொத்தமாகப் போன சுமார் 1,200 உயிர்களில் நிறைய அந்த முதல் மாதத்திலேயே போனவை.

அந்த நாலு ஞாயிற்றுக்கிழமையும் யாரும் இன்லேண்ட் லெட்டரைப் பிரித்து வைத்து எழுதியிருக்க முடியாது என்பது என் அனுமானம். சாப்பரை எல்லோரும் முன்னால்தான் கூப்பிடுவார்கள். எழுதவில்லை என்று சொன்னால் தம்பி காரணம் கேட்பான். காரணம் எழுதக்கூடாது, எழுதவும் மனசு வராது. எழுதினேன், தபாலில் போயிருக்கும் என்று சொல்லிவிட்டால் தபால்காரன் மேல் பழி, வேலை முடிந்தது. நானே வீட்டுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

அப்படியானால் சித்தப்பா எழுதிய "நாலும் ஒண்ணா வந்துச்சு" என்ன என்று கேட்பீர்கள். அவரும் பட்டாளம் இல்லையா. லேயில் ரேடியோ கேட்டிருக்க மாட்டாரா?

சர்வீஸ் விவரம் வேண்டுமென்றால் அப்பாவின் ஆர்மி நம்பரைப் போட்டு பெங்களூருவில் உள்ள எம்இஜி (மெட்ராஸ் சாப்பர்ஸின் இன்னொரு பேர்) ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதுங்கள், மகள் என்பதற்குச் சான்று வைத்து. பெட்டி மூடியில் நம்பர் இருக்கிறதே, அதுவே போதும்.

---

புழல் ஏரிக்கரை எழுதியது:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் அம்மா யாழ்ப்பாணம். நான் பிறந்தது கும்மிடிப்பூண்டி முகாமில். இப்போது மறுவாழ்வு முகாம் என்று பேர் மாற்றியிருக்கிறார்கள். உங்கள் அப்பா எழுதிய "தீபாவளி நல்லபடியா நடந்துச்சு" என்ற வரியைப் படித்துவிட்டு அம்மாவிடம் போனில் சொன்னேன். அவ கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

1987 தீபாவளி அக்டோபர் 21. அன்றைக்குத்தான் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் படை நுழைந்தது. அன்றும் மறுநாளுமாக டாக்டர்கள், நர்சுகள், படுக்கையில் கிடந்தவர்கள் என்று 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். உள்ளே இருந்து சுட்டார்கள், நடுவில் மாட்டிக்கொண்டார்கள் என்பது படை சொன்னது. உயிரோடு வந்தவர்கள் சொன்னது வேறு. ஊரடங்கு, வீட்டை விட்டு இறங்க முடியாது, எங்கள் அம்மம்மா கிணற்றடிக்குப் போகக்கூடப் பயந்து பானையில் இருந்த தண்ணீரை அளந்து கொடுத்தாவாம்.

உங்கள் அப்பா யாரென்று எனக்குத் தெரியாது, அதனால் அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை. தமிழ் பேசும் ஆமிக்காரர்களைப் பற்றி மட்டும் அம்மா சொன்னதைச் சொல்கிறேன். செக்பாயிண்ட்டில் இந்திக்காரன் நின்றால் சனம் தலையைக் குனிந்துகொண்டு போய்விடும், தமிழ்க்காரன் நின்றால் நின்று சண்டை போடுமாம். "நீயும் தமிழன்தானே, உனக்கு வெக்கமா இல்லையா" என்று. அவன் பதில் சொல்ல முடியாமல் அடையாள அட்டையையே திருப்பித் திருப்பிப் பார்ப்பானாம். சில பேர் மட்டும் மெதுவாக, இந்தப் பக்கம் போகாதீங்க அம்மா, நாளைக்கு வராதீங்க என்று சொல்லுவார்களாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். கடிதங்களில் அங்குள்ள யாருடைய பேராவது, தெருவாவது, கோயிலாவது வந்தால் அழித்துவிடாதீர்கள், மறைத்துவிடாதீர்கள். காணாமல் போனவர்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் வீடுகள் இருக்கின்றன.

---

கல்மண்டபம் காத்து எழுதியது:

மேலே எழுதியவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. கைகூப்பிக்கொள்கிறேன். படை திரும்பி வந்தபோது நான் ஏழாவது படித்தேன். 1990 மார்ச் 24இல் கடைசிப் பிரிவு திருகோணமலையை விட்டுக் கிளம்பி, நம் துறைமுகத்துக்குத்தான் வந்தது. முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. எங்கள் தெருவில் அதைச் சரி என்று பாதிப் பேரும் தப்பு என்று பாதிப் பேரும் டீக்கடையில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

---

தண்டையார்பேட்டை பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் போட ஒரு வாரம் ஆகிவிட்டது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை கொருக்குப்பேட்டைக்குப் போய் அத்தையைப் பார்த்துவிட்டு வந்தேன். அத்தைதான் அந்தக் காலத்தில் ஆயாவுக்குக் கடிதம் படித்துக் காட்டியவள்.

பழைய தம்பி அய்யா, நீங்கள் சொன்னபடி காலண்டரில் வைத்துப் பார்த்தேன். 27 கடிதத்தில் 22 ஞாயிறு. மீதி ஐந்தில் இரண்டு, எம்.ஜி.ஆர் இறந்த வாரத்தில் அடுத்தடுத்து எழுதியது. அந்த அக்டோபரில் வீட்டுக்கும் ஒரு கடிதம்கூட வரவில்லை என்கிறாள் அத்தை. ராத்திரியானால் பக்கத்து வீட்டு ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்கப் போவார்களாம். தந்திக்காரர் சைக்கிள் தெருமுனையில் தெரிந்தாலே ஆயா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவாளாம். தாழ்ப்பாள் போட்டுவிட்டால் தந்தி வராது என்கிற மாதிரி.

புழல் சகோதரிக்கு: எல்லாவற்றையும் இன்னொரு தடவை படித்தேன். ஆட்களின் பேர் எதுவும் இல்லை. பதினேழாவது கடிதத்தில் மட்டும் "ஒரு அம்மா பனங்கட்டி குடுத்தாங்க, வாங்காம இருக்க முடியல, வாங்கிட்டு சாப்பிடவும் முடியல" என்று இருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லோரும் பனவெல்லம் என்றுதான் சொல்வோம். அப்பா மட்டும் கடைசி வரை பனங்கட்டி என்பார், கடைக்காரருக்குப் புரியாது, நாங்கள் சிரிப்போம். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. இதை உங்கள் அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தபால்தலை நண்பர் சொன்னபடி லேமினேட் செய்யவில்லை. என் தம்பி மகன் ஆபீஸ் ஸ்கேனரில் 600இல் எடுத்துக் கொடுத்தான். கம்ப்யூட்டரில் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தபோது பதிமூன்றாவது கடிதத்தின் மூலையில் நின்றுவிட்டேன். அப்பா 3 போட்டால் மேல்பாதி திறந்துதான் இருக்கும். மூன்றாவது கடிதத்தில் அப்படித்தான், இருபத்துமூன்றிலும் அப்படித்தான். இதில் மட்டும் 3இன் மேல்பாதி வட்டமாக மூடியிருக்கிறது, அதன்மேல் மை இரண்டு தடவை ஓடியிருக்கிறது, முன்னால் உள்ள 1 இடமில்லாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. முதலில் 9 என்றுதான் போட்டிருக்கிறார்.